கழற்றுமுன் துணையைப் பாருங்கள்



தரவுச் சேமிப்பகத்தில் பழுதான பாகத்தைக் கழற்றிப் புதியதை மாட்டுவது சில நிமிட வேலை. அதற்கு ஒரு கருத்தரங்கா என்று கேட்பவர்கள் உண்டு. பழுது தானாக வரும்போது பெரும்பாலும் தரவு பிழைத்துவிடுகிறது. அதைச் சரிசெய்யக் கை வைக்கும்போதுதான் ஆபத்து அதிகம். கருத்தரங்கின் தேவை அங்கேதான் இருக்கிறது.

1988இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் 'ரெய்டு' முறையை முன்வைத்தார்கள். விலை மலிந்த பல வட்டுகளை ஒன்றாக இயக்கினால், ஒன்று போனாலும் மற்றவற்றைக் கொண்டு தரவை மீட்கலாம் என்றார்கள். இன்று கன்ட்ரோலர், பவர் சப்ளை, மின்விசிறி என்று எல்லாமே இரட்டையாக வருகின்றன. இயந்திரத்தை நிறுத்தாமலே மாற்றலாம். இந்த வசதியோடு அலட்சியமும் சேர்ந்தே வந்தது.

மாற்று வழி இருக்கும்போதுதான் ஒன்றை நிறுத்தலாம் என்பதைப் பழனிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மலைக்கோயிலின் ரோப் கார் பராமரிப்புக்கு நிற்கும் நாட்களில் பக்தர்கள் வின்ச் எனும் இழுவை ரயிலில் ஏறுகிறார்கள். படிப்பாதையும் யானைப்பாதையும் இருக்கின்றன. வின்ச்சும் ஓடாத நாளில் ரோப் காரை நிறுத்தலாமா? சேமிப்பகத்திலும் பழுதான பாகத்தைத் தொடுமுன், அதன் சுமையை ஏற்றிருக்கும் துணைப் பாகம் நலமா என்று பார்க்க வேண்டும். நான் வலியுறுத்த விரும்புவது இது ஒன்றைத்தான்.

ஒரு வட்டை மாற்றுவதையே எடுத்துக்கொள்வோம். பல இயந்திரங்களில் வட்டுகளின் இட எண் பூஜ்யத்தில் தொடங்கும். திரையில் '3' பழுது என்று வரும். நம் ஊழியர் ஒன்று, இரண்டு என எண்ணி மூன்றாவதை உருவுவார். அது நன்றாக ஓடிக்கொண்டிருந்த வட்டு. ஒரு வட்டின் இழப்பை மட்டுமே தாங்கும் அமைப்பில் அத்தோடு கதை முடிந்தது. எனவே மென்பொருள் வழியே அடையாள விளக்கை எரியவிட்டு, வரிசை எண்ணையும் ஒப்பிட்ட பிறகே கை வைக்க வேண்டும். மின்விசிறியைக் கழற்றினால் காற்றோட்டம் குலையும். மாற்று கையில் இல்லாமல் பழையதை வெளியே எடுக்கக் கூடாது. கன்ட்ரோலர் என்றால், தற்காலிக நினைவகத்தில் வட்டுக்குப் போய்ச் சேராத தரவு மிச்சமிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

புதிய வட்டை மாட்டியதும் வீட்டுக்குக் கிளம்பிவிடவும் முடியாது. 20 டெராபைட் வட்டை வினாடிக்கு 200 மெகாபைட் வேகத்தில் இடைவிடாமல் நிரப்பினாலும் 27 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவரை மற்ற வட்டுகள் வழக்கத்தைவிடக் கடுமையாக உழைக்கும். ஒரே நாளில் வாங்கிய வட்டுகள் என்றால் அவற்றின் வயதும் ஒன்றே; இன்னொன்றும் அப்போதே பழுதாகலாம்.

2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜான் நகரில், அரசுத் தரவு மையத்தின் லித்தியம் பேட்டரிகளை இடம் மாற்றும் பணியின்போது தீப்பிடித்தது. 709 அரசு அமைப்புகள் முடங்கின. அரசு ஊழியர்களின் 858 டெராபைட் கோப்புகளுக்கு வெளியே நகல் இல்லாததால் அவை மீளவில்லை. பாதுகாப்புக்காகத் தொடங்கிய பணிதான் அது. ரெய்டு இருந்தாலும் தனி இடத்தில் நகல் வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை.

இந்த எச்சரிக்கை நமக்கும் பொருந்தும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும், 2005இல் தொடங்கிய ஈழத்தின் 'நூலகம்' திட்டமும் அரிய நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் காக்கின்றன. சிறு கல்லூரிகளும் சுவடிகளைப் படமெடுத்துச் சேமிக்கின்றன. ஆனால் அங்கே வட்டு மாற்றுபவர் கையில் இருப்பது பெரும்பாலும் ஆங்கிலக் கையேடு; அவசரத்தில் அதை யார் புரட்டுகிறார்கள்?

ஆகவே அமர்வுகளுக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. வட்டு, கன்ட்ரோலர், பவர் சப்ளை, மின்விசிறி ஆகிய நான்குக்கும் தலா ஒரு பக்கத்தில் தமிழில் செய்முறை எழுதுங்கள். இயந்திரத்தின் கதவில் ஒட்டும் அளவுக்கு அது சுருக்கமாக இருக்கட்டும். முதல் வரி, துணைப் பாகத்தைச் சரிபார்ப்பது பற்றியதாக இருக்கட்டும். நிறைவு அமர்வில் அந்த நான்கு பக்கங்களையும் கேட்டு வாங்குவேன் என்று சொல்லி, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.