தீனியைத் தொடாத குதிரை

குதிரையின் இரைப்பை அதன் உடலோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது; 8 முதல் 15 லிட்டர் வரைதான் கொள்ளும். தின்றாலும் தின்னாவிட்டாலும் அதில் அமிலம் ஓயாமல் சுரந்துகொண்டே இருக்கும். புல்லை மெல்லும்போது ஊறும் எச்சில்தான் அந்த அமிலத்தைத் தணிக்கிறது. தீனியை ஒதுக்கும் குதிரை இளைத்துப் போவதோடு, அதன் வயிற்றில் புண்ணும் உண்டாகலாம். புண் வலித்தால் தீனி இன்னும் குறையும். உடலைத் தேற்றுவதற்கு முன்னால் இந்தச் சுழலை நிறுத்தியாக வேண்டும்.

மலேசியாவின் ஜொகூரில் போலோவுக்கும் சவாரிக்கும் வளர்க்கப்படும் குதிரைகளில் பல ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அர்ஜென்டினா போன்ற நாடுகளிலிருந்து வந்தவை. இங்கே பகல் வெப்பம் 32 டிகிரியைத் தொடும். காற்றில் ஈரம் எப்போதும் மிகுதி. வியர்வை உலராததால் உடல் சூடு எளிதில் தணியாது. சில குதிரைகளுக்கு நாளடைவில் வியர்ப்பதே நின்றுவிடுகிறது. மூச்சிரைப்பு, வறண்ட முடி, பசியின்மை ஆகியவை அதன் அடையாளங்கள். நிழலும் மின்விசிறியும் உள்ள லாயம், உடலில் அடிக்கடி ஊற்றும் குளிர்ந்த நீர், விடியலில் மட்டும் பயிற்சி என்ற ஏற்பாடு இத்தகைய குதிரைக்கு மருந்துக்கு நிகரானது.

பசியின்மைக்கு நோயும் காரணமாகலாம். குதிரையின் பல் வாழ்நாளில் பெரும்பகுதி ஆண்டுக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை வெளியே வந்தபடி இருக்கும். தேய்மானம் சீராக இல்லையென்றால் ஓரம் கூர்மையாகிக் கன்னத்தைக் குத்தும். மென்ற புல்லை உருண்டையாக வெளியே துப்பும் குதிரைக்குப் பல் கோளாறு இருக்கக்கூடும். இலத்தியைச் சோதித்தால் குடற்புழு தெரியும். கடிக்கும் ஈக்கள் பரப்பும் சுர்ரா நோய் மலேசியாவில் உண்டு. விட்டு விட்டு வரும் காய்ச்சலும் இரத்தசோகையும் உடல் மெலிவும் அதன் குறிகள். கால்நடை மருத்துவர் பல்லையும் இரத்தத்தையும் இலத்தியையும் பார்த்த பிறகே தீனியை மாற்றுவது முறை. திடீரென்று தீனியை நிறுத்தித் தரையில் புரளும் குதிரைக்கு வயிற்றுவலி வந்திருக்கலாம். அதற்கு உடனடி சிகிச்சை தேவை.

தீனியில் முதலிடம் நார்த்தீனிக்கு. 500 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு உலர் எடையில் குறைந்தது 7.5 கிலோ புல்லோ உலர்புல்லோ வேண்டும். எடை கூட வேண்டுமானால் 10 கிலோவுக்கு மேலும் கொடுக்கலாம். கினிப்புல், செட்டேரியா போன்ற வெப்பநாட்டுப் புற்களில் உள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துவைத்துக்கொள்வதால், அவற்றை மட்டுமே தின்னும் குதிரையின் எலும்பு நலியும். புரதமும் சுண்ணாம்பும் நிறைந்த குதிரைமசால் இந்தக் குறையை ஈடுகட்டும். அதன் மணமும் சுவையும் பல குதிரைகளை வாய் வைக்கத் தூண்டும்.

தானியம் ஒரு வேளைக்கு 2 கிலோவைத் தாண்டாமல் இருப்பது நல்லது. மிஞ்சினால் மாவுச்சத்து செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து, வயிற்றுவலியையும் குளம்பு அழற்சியையும் உண்டாக்கும். எடை கூட்டத் தாவர எண்ணெய் ஏற்றது. அதே எடை தானியத்தைவிட அதில் இரு மடங்குக்கு மேல் ஆற்றல் உண்டு. செரிக்கும்போது உடலில் எழும் சூடும் குறைவு என்பதால் ஜொகூர் வெயிலுக்கு அது பொருந்தும். கால் கோப்பையில் தொடங்கி இரண்டு, மூன்று வாரங்களில் ஒன்றிரண்டு கோப்பை வரை கூட்டலாம். எந்தப் புதுத் தீனியையும் 10 நாள் வரை பழையதோடு கலந்து பழக்க வேண்டும்.

தின்ன அடம்பிடிக்கும் குதிரைக்குச் சின்னச் சின்ன உத்திகள் கைகொடுக்கும். தீனியைச் சிறு பங்குகளாக்கி, வெயில் தாழ்ந்த பிறகும் இரவிலும் பெரும்பங்கை வைக்கலாம். தீனியைச் சற்று நனைத்து, நீளவாக்கில் நறுக்கிய கேரட்டையோ கொஞ்சம் கரும்புப்பாகையோ கலக்கலாம். மிச்சத்தை உடனே அள்ளிவிட வேண்டும். இந்த ஈரக்காற்றில் அது விரைவில் புளித்துப் பூசணம் பிடிக்கும். வலுத்த குதிரை விரட்டாதபடி தனித் தொட்டியும், கண்ணெதிரே ஒரு துணைக்குதிரையும் இருந்தால் அடம்பிடிக்கும் குதிரை நிம்மதியாகத் தின்னும். உப்புக்கட்டியும் சுத்தமான நீரும் எப்போதும் எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். தாகம் தீராத குதிரை தீனியையும் குறைத்துக்கொள்ளும்.

பட்டினியால் எலும்பும் தோலுமான குதிரைக்குத் தானியத்தை ஒரேயடியாகக் கொட்டினால் இரத்தத்தில் உள்ள உப்புகளின் அளவு தடுமாறி உயிரே போகலாம். மருத்துவர் மேற்பார்வையில், குதிரைமசாலைக் கொஞ்சம் கொஞ்சமாக நாளுக்கு ஆறு வேளையாகக் கொடுத்துத் தொடங்குவதே பாதுகாப்பு.

முன்னேற்றத்தை அளவு நாடாவால் அறியலாம். மார்புச் சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, தோள்முனை முதல் பின்தொடை முனை வரையிலான நீளத்தாலும் பெருக்கி, 11,900 ஆல் வகுத்தால் எடை ஏறக்குறையத் தெரியும். அளவுகள் சென்டிமீட்டரில் இருக்க வேண்டும். 180 சுற்றளவும் 160 நீளமும் உள்ள குதிரை சுமார் 435 கிலோ. விலா எலும்பு கண்ணுக்குத் தெரியாமல், தடவினால் மட்டும் கைக்குத் தட்டுப்பட்டால் உடல் தேறிவிட்டது என்று கொள்ளலாம். அந்த நிலை வரப் பல வாரங்களோ மாதங்களோ ஆகும். வாரம் ஒருமுறை அதே இடத்தில் அளந்து குறித்துவைத்தால், தீனியைக் கூட்டுவதா, அப்படியே தொடர்வதா என்பது அந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும்.