சேதித் தொண்டு
(வாலிபர் கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவு)



நாம் 2014-ம் வருஷக் கடைசியில் மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள சியரா லியோன் நாட்டுக்கு ஒரு சர்வதேச அபிவிருத்தி ஸ்தாபனத்தின் தொண்டராகச் சென்று, ஆறு மாதம் இருந்து வந்ததைப்பற்றிப் பேசும்படி கேட்டிருக்கிறீர்கள். தலைவர் அவர்கள் தமது முன்னுரையில், நாம் அங்கு எபோலா வியாதிக்காரருக்குப் பணிவிடை செய்ததாகவும், உயிரைத் துரும்பாய் மதித்ததாகவும் வெகுவாய்ப் புகழ்ந்துவிட்டார். அது சரியல்ல. பணிவிடை செய்தவர்கள் அந்நாட்டு நர்சுகள்; பிணம் தூக்கியவர்கள் அந்நாட்டு வாலிபர்கள். நர்சுகளில் பலர் அதே வியாதியால் மாண்டும் போனார்கள். நமக்கு இடப்பட்டது சேதி வேலை. அதாவது போட்டோ எடுப்பது, ஊராரை விசாரித்து எழுதுவது, ரேடியோவுக்கு விஷயம் சேகரித்துக் கொடுப்பது. சம்பளமில்லை, சாப்பாடும் இடமும் உண்டு. இவ்வளவுதான் நமது தியாகம்.

இந்தச் சேதி வேலையில் இரண்டு எஜமானர்கள் இருக்கிறார்கள். பணம் கொடுக்கும் தூரதேசத்தார் ஒருவர். வியாதியால் அவதிப்படும் ஊரார் மற்றொருவர். முதல்வருக்கு வேண்டியது அழுகிற முகம். இரண்டாமவருக்கு வேண்டியது பிழைக்கிற வழி. தலைமைக் காரியாலயத்திலிருந்து வந்த கடிதங்களில் முகம் கேட்டு வந்தவையே அதிகம்.

இது புதிய வழக்கமல்ல. 1984-ம் வருஷம் அக்டோபரில் எத்தியோப்பியாவின் பஞ்சத்தை பி.பி.சி. காட்டிற்று. எலும்பும் தோலுமான குழந்தைகளைப் பார்த்து உலகமே திடுக்கிட்டது. 1985 ஜூலை 13-ந் தேதி லண்டனிலும் பிலடெல்பியாவிலும் பெரிய சங்கீதக் கச்சேரிகள் நடந்து பணம் குவிந்தது. பணம் வந்ததைக் குறை சொல்ல நாம் வரவில்லை; சோறு கிடைத்தவனுக்குச் சோறு சோறுதான். ஆனால் அந்தப் பஞ்சத்துக்கு மழையின்மை மாத்திரமா காரணம்? உள்நாட்டு யுத்தமும் அந்த அரசாங்கத்தின் செய்கையும் காரணமல்லவா? படத்தில் ஈ மொய்த்த முகம் தெரிந்ததே யொழிய, யுத்தம் தெரிந்ததா? பிரிட்டனில் வி.எஸ்.ஓ. என்னும் தொண்டர் ஸ்தாபனம் 2002-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், அந்நாட்டு ஜனங்களில் 100-க்கு 80 பேர் ஏழை நாடு என்றதும் பஞ்சத்தையும் அழிவையுமே நினைக்கிறார்கள் என்று தெரியவந்தது. கச்சேரி நடந்து பதினாறு வருஷம் கழித்து! அய்ரோப்பியத் தொண்டு ஸ்தாபனங்கள் 1989-லேயே, இனிப் படமெடுக்கையில் மனிதனுடைய மரியாதையைக் காக்கவேண்டும் என்று தங்களுக்குள் ஒரு விதி எழுதிக்கொண்டன. 2006-ல் அதைத் திருத்தியும் எழுதின. விதி காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது.

இனி ஊராருக்குச் சொன்ன சேதியைப் பாருங்கள். வியாதி கண்ட முதல் மாதங்களில் எங்கு பார்த்தாலும், "எபோலா கொல்லும், அதற்கு மருந்தில்லை" என்பதே பிரசாரம். அது பொய்யுமல்ல. 2019-ல் அங்கீகாரம் பெற்ற தடுப்பூசி அன்று ஜனங்கள் கைக்கு வரவில்லை. ஆனால் புத்தியுள்ள ஒருவன் இந்த வாசகத்தைப் படித்து என்ன முடிவுக்கு வருவான்? மருந்தில்லையானால் ஆஸ்பத்திரிக்கு எதற்குப் போகிறது? அங்கே தனியாய்ச் சாவதைவிட வீட்டிலே தாயார் மடியில் சாகலாமே என்றுதானே நினைப்பான்? அப்படித்தான் நினைத்தார்கள். வியாதிக்காரரை ஒளித்து வைத்தார்கள். ஒளித்தவரைத் தொட்டவருக்கும் வியாதி வந்தது.

நாமும் போன புதிதில் நமது முதல் அறிக்கையில், "இந்த ஜனங்கள் அறியாமையில் மூழ்கியிருக்கிறார்கள்" என்று எழுதினோம். அண்டை நாடான கினியாவில் வோமே என்ற ஊருக்கு வியாதியைப்பற்றி எடுத்துச் சொல்லப்போன கூட்டத்தாரில் எட்டுப் பேரை 2014 செப்டம்பரில் ஊரார் கொன்றுபோட்டதைக் கேள்விப்பட்டிருந்தபடியால் அப்படி எழுதத் துணிந்தோம். நம்மோடு வேலை செய்த அவ்வூர்ப் பெரியவர் ஒருவர் அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். கோபிக்கவில்லை. "அய்யா, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முகம் தெரியாதவர்கள் வந்து உங்கள் தகப்பனாரைத் தூக்கிப் போகிறார்கள். பிறகு எந்தச் சேதியும் இல்லை. எந்தக் குழியில் புதைத்தார்கள் என்றுகூடச் சொல்லவில்லை. நீங்களாயிருந்தால் நாலாம் நாள் அந்த வண்டி வந்தால் கல்லெறிய மாட்டீர்களா?" என்றார். நமக்குப் பதில் இல்லை. அம்மை கண்ட வீட்டில் வைத்தியரை வாசலிலேயே நிறுத்திய ஊர்களிலிருந்து போனவர்கள் நாம். நமக்கு அவர்களைப் பார்த்துச் சிரிக்க என்ன யோக்கியதை?

பிணத்தைக் குளிப்பாட்டும் வழக்கத்தால் வியாதி பரவியது நிஜம். புதிதாய் வியாதி கண்டவர்களில் 100-க்கு 20 பேருக்காவது சவச்சடங்கிலேதான் தொற்றிற்று என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2014 நவம்பரில் சொல்லிற்று. அதே சமயத்தில் ஸ்தாபனத்தார் அடக்க முறையையும் மாற்றினார்கள். குடும்பத்தார் தூர நின்று பார்க்கலாம். பாதிரியோ, இமாமோ ஜபம் சொல்லலாம். குழி இன்னதென்று அடையாளமிடவேண்டும். ஜபத்தில் நமக்கு நம்பிக்கை யில்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் தொடாமல் சொல்லும் ஜபத்தால் கிருமி பரவுவதில்லை. அதை மறுத்தால் பிணம் இரவில் ரகசியமாய்ப் புதைக்கப்படுகிறது. இதில் எது பகுத்தறிவு என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

சேதியும் மாறிற்று. "சீக்கிரம் வந்தால் பிழைக்க வழியுண்டு" என்று, பிழைத்தவர்களையே கொண்டு கிரியோ, மெண்டே, தெம்னே பாஷைகளில் ரேடியோவில் சொல்லச் செய்தார்கள். மூன்று நாடுகளிலுமாக 28,600 பேருக்கு மேல் வியாதி கண்டு, 11,300 பேருக்கு மேல் மாண்ட பிறகே எல்லாம் அடங்கிற்று. இதில் நமது பங்கு சொற்பம். நமது தப்பு சொற்பமல்ல, அதையும் சொல்லிவிடுகிறோம்.

கடைத்தெருவில் வேர்க்கடலை விற்கும் ஓர் அம்மாள் எபோலாவிலிருந்து பிழைத்து வந்திருந்தார். அவரைப் போட்டோ எடுத்தோம். இங்கிலீஷில் அச்சடித்த சம்மதத் தாளில் கைநாட்டும் வாங்கினோம். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. நாம் இரண்டு வாக்கியத்தில் விளக்கினோம். "இந்தப் படத்தை யார் பார்ப்பார்கள்?" என்று கேட்டார். "வெகு தூரத்திலுள்ளவர்கள்" என்றோம். ஸ்தாபனத்தார் அதைப் பேரோடும், ஊரோடும், வியாதியோடும் அச்சிட்டார்கள். அந்தப் புத்தகம் எப்படியோ அந்த ஜில்லாவுக்கே திரும்பி வந்துவிட்டது. அடுத்த வாரத்திலிருந்து அவரிடம் கடலை வாங்குவார் இல்லை. பிழைத்தவர் விற்கும் கடலையால் எபோலா வராது என்று நாம் கடைத்தெருவில் நின்று எத்தனை சொல்லியும், வாங்கியவர்கள் நாமும் நமது காரோட்டியும் மாத்திரமே.

புத்தகத்தை நிறுத்தும்படி மேலே எழுதினோம். அச்சாகி அனுப்பியாகிவிட்டது என்று பதில் வந்தது. படம் மிகவும் நன்றாயிருப்பதாக ஒரு வரியும் கூட இருந்தது. பிறகு வேறு சம்மதத் தாளைக் கிரியோ பாஷையில் எழுதி, படம் எங்கெங்கு போகலாம், பேர் போடலாமா, வேண்டாமென்று பின்னால் சொன்னால் என்ன செய்வது என்பதையெல்லாம் சேர்த்தோம். அதை அந்தப் பெரியவர்தான் ஒவ்வொருவருக்கும் படித்துச் சொன்னார். கேட்டவர்களில் பாதிப் பேர் படம் வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள். அதற்குக் காரியாலயத்திலிருந்து நமக்குக் கண்டனம் வந்தது.

அந்த அம்மாளிடம் நாம் மன்னிப்புக் கேட்கப்போனபோது, அவர் கடலைக் கூடையை அக்காள் மகளிடம் கொடுத்து வேறு சந்தைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். நம்மை உட்காரச் சொன்னார். அதிகம் பேசவில்லை.

இந்தக் கூட்டத்துக்கு அந்நாட்டுப் படங்களைக் கொண்டுவந்து காட்டவேண்டுமென்று காரியதரிசி தோழர் எழுதியிருந்தார். சாலை, ஆறு, ஆஸ்பத்திரிக் கூடாரம் இவற்றின் படங்கள் மேஜைமேல் இருக்கின்றன, பார்க்கலாம். அந்த அம்மாளின் படம் நம்மிடம் இருக்கிறது, அதைக் கொண்டுவரவில்லை.