பிறந்த நாளும் போர்க்களமும்

(தோட்டச் சமூக மண்டபத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



குலுக்கல் என்றதும் நம் முகத்தில் ஒரு மலர்ச்சி தோன்றும். பரிசுக் குலுக்கல், கோயில் திருவிழா உபயத்துக்குச் சீட்டு எடுத்தல், குறைந்த விலை வீட்டுக்குக் குலுக்கல் என நாம் அறிந்தவை யாவும் ஏதேனும் ஒரு நன்மையைப் பெறுவதற்காக நடைபெறுவன. ஆனால், இளைஞர்களைப் படைக்கு அழைப்பதற்காகவே நடைபெற்ற குலுக்கலும் உண்டு. அமெரிக்க நாட்டில் 1969ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் நாள் நிகழ்ந்த அக்குலுக்கலைப் பற்றி இன்று தங்களுடன் பேச விழைகின்றேன். ஒரு குலுக்கல் எப்பொழுது நியாயமாகும் என்பதை அது நமக்குத் தெளிவாகக் கற்பிக்கின்றது.

அக்காலத்தில் வியட்நாமில் கடும்போர் நடந்துகொண்டிருந்தது. அமெரிக்க இளைஞர்கள் கட்டாய இராணுவச் சேவைக்கு அழைக்கப்பட்டனர். யாரை அழைப்பது, யாருக்குத் தள்ளிவைப்பு அளிப்பது என்பதை ஆங்காங்கே இருந்த உள்ளூர்க் குழுக்கள் முடிவு செய்தன. கல்லூரியில் பயின்றோருக்குத் தள்ளிவைப்புக் கிடைத்தது. கல்லூரிக்குச் செல்ல வசதியற்ற உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அவ்வாய்ப்பு இல்லை. ஏழையின் பிள்ளைக்கு ஒரு நீதி, வசதி படைத்தவர் பிள்ளைக்கு ஒரு நீதியா என்ற குமுறல் நாடெங்கும் எழுந்தது. அதனைத் தணிக்கும் பொருட்டு அதிபர் நிக்சனின் அரசாங்கம் குலுக்கல் முறையைக் கொண்டுவந்தது.

1944 முதல் 1950 வரை பிறந்த ஆடவர்களுக்காக அது நடத்தப்பட்டது. பிப்ரவரி 29ஐயும் சேர்த்து ஆண்டின் 366 தேதிகளும் தனித்தனித் தாள்களில் குறிக்கப்பட்டு, நீல நிறப் பிளாஸ்டிக் குப்பிகளில் இடப்பட்டன. வாஷிங்டன் நகரில், தொலைக்காட்சி வாயிலாக நாடே பார்த்திருக்க, அக்குப்பிகள் ஒரு கண்ணாடிச் சாடியிலிருந்து ஒவ்வொன்றாக எடுக்கப்பட்டன. முதற்குப்பியை எடுத்தவர் அலெக்சாண்டர் பிர்னி என்னும் காங்கிரஸ் உறுப்பினர். அதில் இருந்த தேதி செப்டம்பர் 14. அந்நாளில் பிறந்தோர் அனைவருக்கும் எண் 1 உரியதாயிற்று. இறுதியாக வந்த தேதி ஜூன் 8. அதற்கு எண் 366. எண் சிறியதாயின் அழைப்பு விரைந்து வரும். மறு ஆண்டில் 195ஆம் எண் வரை அழைக்கப்பட்டனர். அதற்கு மேற்பட்ட எண்ணைப் பெற்றோர் அழைப்பிலிருந்து தப்பினர்.

அக்குலுக்கலின் விளைவை நான் இந்நாட்டிலேயே நேரில் கண்டேன். 1962ஆம் ஆண்டு தொடங்கி ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அமைதிப் படை என்னும் அமைப்பைச் சேர்ந்த அமெரிக்கத் தொண்டர்கள் இங்குப் பணியாற்றினர். எங்கள் இடைநிலைப் பள்ளியில் கணிதம் கற்பித்த ஆசிரியர் அவர்களுள் ஒருவர். அந்த டிசம்பர் விடுமுறையில், அவருடைய வீட்டிற்கு நாங்கள் சிலர் பாடம் கேட்கச் சென்றிருந்தோம். தம் பெற்றோர் எழுதிய கடிதம் ஒன்றை அவர் எங்களுக்குக் காட்டினார். அவர் டிசம்பரில் பிறந்தவர். அவருக்குக் கிடைத்த எண் 12. தொண்டுக்காலம் முடியும் வரை தமக்குத் தள்ளிவைப்பு உண்டென்றும், அதன்பின் படைக்குச் செல்ல நேருமென்றும் அமைதியாக விளக்கினார். அவருடைய கல்லூரித் தோழர் ஒருவர் பிறந்தது ஜூன் 8ஆம் நாளாம். அன்று மாலை இதனைப் பால்மரம் வெட்டும் என் பெற்றோரிடம் கூறினேன். பிள்ளை பெற்ற நாளே அவனுக்குப் பகையாவதுண்டோ என்று என் தாயார் கேட்ட கேள்விக்கு வீட்டில் எவராலும் விடை கூற இயலவில்லை.

பின்னர் ஓர் உண்மை வெளிப்பட்டது. கணக்கறிந்தோர் அந்த எண்களை மாதவாரியாக ஆராய்ந்தனர். ஜனவரித் தேதிகளுக்குக் கிடைத்த எண்களின் சராசரி 201. டிசம்பர்த் தேதிகளுக்கோ 121. செவ்வையாகக் கலந்திருந்தால் இரண்டும் 183ஐ ஒட்டியே அமைந்திருக்க வேண்டும். குப்பிகளை மாத வரிசையில் பெட்டியிலிட்டு, போதிய அளவு கலக்காமல் சாடியில் கொட்டியதே இதற்குக் காரணம். அதனால் ஆண்டின் கடைசி மாதங்கள் முன்னதாகக் கைக்கு அகப்பட்டன. சில நிமிடங்கள் கூடுதலாகக் கலக்காத குறை, ஆயிரக்கணக்கான குடும்பங்களைத் தொட்டது.

இக்குறை மறு ஆண்டே திருத்தப்பட்டது. 1970ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள் நடைபெற்ற குலுக்கலில் தேதிகளுக்கு ஓர் உருளையும், எண்களுக்கு மற்றோர் உருளையும் வைத்து, இரண்டிலிருந்தும் ஒவ்வொன்றாக எடுத்தனர். 1971ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் புதிய கல்லூரி மாணவர்களுக்குரிய தள்ளிவைப்பை நிறுத்தியது. 1973இல் கட்டாய அழைப்பே முடிவுக்கு வந்தது. ஆயினும், அப்போரில் மாண்ட அமெரிக்கப் படையினர் 58,000க்கும் மேற்பட்டோர். வியட்நாமிய மக்களின் உயிரிழப்போ அதனினும் பன்மடங்கு பெரிது. எங்கள் ஆசிரியர் தாயகம் திரும்பி, ஈராண்டுகள் படையில் பணியாற்றி, நலமே மீண்டு மறுபடியும் ஆசிரியரானார் எனப் பள்ளிக்கு வந்த கடிதத்தால் அறிந்து மகிழ்ந்தோம்.

பெருமக்களே, இவ்வரலாற்றிலிருந்து இரண்டு செய்திகளை நாம் மனத்திற் கொள்ளலாம். முதலாவது, உரியவர் அனைவருடைய சீட்டும் உள்ளே இருத்தல் வேண்டும். 1969இல் குலுக்கல் நடந்தபோதும் கல்லூரித் தள்ளிவைப்புத் தொடர்ந்தமையால், சிலருடைய சீட்டு உள்ளே இருந்தும் இல்லாததற்கு ஒப்பாயிற்று. இரண்டாவது, சீட்டுகளைப் பலர் காண நன்கு கலத்தல் வேண்டும். வீட்டுக் குலுக்கலாயினும், திருவிழா உபயமாயினும், மேட்டு நிரை யாருக்கு, சமநிலத்து நிரை யாருக்கு என்று சீட்டுப் போடுவதாயினும் இவ்விரண்டும் பொருந்தும்.

சீட்டு எடுப்பதற்கு முன் பெயர்ப் பட்டியலைக் காட்டுமாறு கேளுங்கள். எல்லாரும் பார்க்கக் கலக்குமாறு கேளுங்கள். அவ்வாறு கேட்பது எவரையும் அவமதிப்பதாகாது. கணக்கறிந்த சிலர் கேட்டதனாலன்றோ ஒரு பெரிய நாட்டின் குலுக்கல் திருந்தியது! நம் பிள்ளைகளும் கணிதத்தை ஊன்றிப் பயிலட்டும். நியாயத்தை அளந்து காட்டும் கருவிகளுள் அதுவும் ஒன்றாகும்.