இடமா, வலமா? தாராவி எந்தப் பக்கம்?

(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"இடதுசாரி, வலதுசாரி என்கிறார்களே, எந்தப் பொருளாதாரம் எந்தப் பக்கம்?" என்று நம் இளைஞர்கள் கேட்டார்கள். எளிய கேள்விதானே என்று ஒப்புக்கொண்டோம். விடை தேடப் புகுந்த பிறகுதான் சிக்கல் விளங்கியது.

1789-இல் பிரெஞ்சு தேசிய மன்றத்தில், மன்னனுக்குத் தடை அதிகாரம் வேண்டும் என்றோர் தலைவரின் வலப்புறமும், கூடாது என்றோர் இடப்புறமும் அமர்ந்தார்கள். அன்றைய வழக்கு மன்னனின் அதிகாரம் பற்றியது. கூலியும் முதலும் அதில் பேச்சே இல்லை. புரட்சியின் பக்கம் நின்ற லெ ஷாப்பலியே 1791-இல் கொண்டுவந்த சட்டம் என்ன தெரியுமா? தொழிலாளர்கள் கூடிச் சங்கம் வைக்கக் கூடாது என்பதே! பிரான்சில் தொழிற்சங்கம் சட்டப்படி தலைநிமிர 1884 ஆயிற்று. உடைமையை வைத்துப் பக்கம் பிரிக்கும் வழக்கமெல்லாம் பின்னால் வந்தது: அரசுடைமை என்றால் இடம், தனியுடைமை என்றால் வலம்.

இந்தக் கோலை நம் நாட்டின் மேல் வைத்துப் பார்ப்போம். 1944-இல் இதே பம்பாயில் டாட்டா, பிர்லா உள்ளிட்ட 8 பேர் ஒரு திட்டம் வெளியிட்டார்கள். 15 ஆண்டுகளில் 10,000 கோடி ரூபாய் முதலீடு; அரசே திட்டமிட வேண்டும், கனரகத் தொழிலுக்கு அரசு துணை நிற்க வேண்டும் என்றார்கள். முதலாளிகள் சமதர்மிகள் ஆகிவிட்டார்களா? இல்லை ஐயா! சாலையும் மின்சாரமும் இரும்பும் போடத் தங்களிடம் பணம் போதாது; மக்கள் பணத்தில் அடித்தளம் போட்டால் மேல்மாடியைத் தாங்கள் கட்டிக்கொள்ளலாம் என்ற கணக்கு! 1955-இல் சென்னைக்கு அருகே ஆவடியில் காங்கிரஸ் சமதர்மப் பாணிச் சமுதாயம் என்று தீர்மானம் போட்டது. லைசென்ஸ்-பெர்மிட் ராஜ்யம் என்று அதைச் சாடிய இராஜாஜி 1959-இல் சுதந்திராக் கட்சி கண்டார். 1969-இல் 14 வங்கிகள் அரசுடைமை. 1976-இல் அரசியல் சட்டத்தின் முகப்பிலேயே சமதர்மம் என்ற சொல் ஏறியது. 1991-இல் அதே காங்கிரஸ்தான் சந்தைக்குக் கதவைத் திறந்தது. முகப்பில் ஏறிய சொல்லை எவரும் இறக்கவில்லை.

பம்பாய்த் தமிழன் இந்தக் கோட்டில் எங்கே நிற்கிறான்? செம்பூர்ப் பக்கம் மாகுலில் பர்மா ஷெல் நிறுவனத்தின் சுத்திகரிப்பாலை 1976-இல் அரசின் கைக்கு வந்தது. அங்கு வேலை பார்த்தவருக்கு அரசுடைமை என்பது நிலையான சம்பளம். மாட்டுங்காவின் குமாஸ்தாவுக்கு வங்கியும் ரயில்வேயும் அப்படித்தான். ஆலைத் தொழிலாளி கதை வேறு. 1982 ஜனவரி 18-இல் தத்தா சாமந்த் தலைமையில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1983-இல் 13 ஆலைகளின் நிர்வாகத்தை அரசு எடுத்தது. இடதுசாரிச் செயல் என்று கைதட்டலாமா? 2005-இல் தேசிய நெசவாலைக் கழகம் ஜூபிடர், எல்பின்ஸ்டன் உள்ளிட்ட 5 ஆலைகளின் நிலத்தைத் தனியாருக்கு விற்றது. அரசுடைமைதான், ஆனால் விற்கும் முன் நூற்பவனை யார் கேட்டார்கள்?

இனி தாராவி. திருநெல்வேலியிலிருந்து வந்தவர் வைத்த ஒரு தோல்பைப் பட்டறையை எண்ணிப் பாருங்கள். முதலாளியும் மெஷினில் உட்காருகிறார். பக்கத்தில் தம்பி, மச்சான், ஊர்க்காரப் பையன். உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. விலையைச் சந்தை வைக்கிறது, இன்ஸ்பெக்டர் எட்டிப் பார்ப்பதில்லை. புத்தகப்படி இது வலக்கோடி! ஆனால் காலடி நிலத்தின் பெரும்பகுதி அரசுக்கும் மாநகராட்சிக்கும் உரியது. முதலுக்கு வங்கி கிடையாது. தெருப் பெண்கள் பிடிக்கும் சீட்டுதான் வங்கி. அது எந்தப் பக்கம்? விடியுமுன் இட்லி அவித்துத் தலையில் சுமந்து விற்கிறவர் முதலாளியா, தொழிலாளியா? (இட்லிக்காரரிடமே கேட்டோம். "பாக்கியைக் கொடுங்க, சொல்றேன்" என்றார்.)

உடைமை யாருடையது என்று மட்டும் கேட்டால் போதாது, தோழர்களே. முடிவு எடுப்பவர் யார், லாபம் எவர் பைக்குப் போகிறது, கணக்கில் வராமல் விடப்படுகிறவர் யார் என்றும் கேட்க வேண்டும். தாராவி மறுசீரமைப்பை இப்படிப் பாருங்கள். 2022 நவம்பரில் அதானி குழுமம் ஏலத்தில் வென்றது. கம்பெனியில் அவர்களுக்கு 80 பங்கு, மராட்டிய அரசுக்கு 20. இலவச வீடு என்பது இடதுசாரிக் குரல். விற்பனைக்கான கட்டடம் வலதுசாரிக் குரல். இரண்டும் ஒரே ஒப்பந்தத்தில்! 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் குடியிருப்போருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி என்கிறார்கள். அதற்குப் பின் வந்தவருக்கும் மேல்மாடியில் இருப்பவருக்கும் தாராவிக்கு வெளியே, அதுவும் பணம் கட்டி. பட்டறையில் படுத்துறங்கும் அந்த ஊர்க்காரப் பையன் எந்தப் பட்டியலில் வருவான்? அவனை எந்தக் கட்சிக்காரர் கேட்டாலும், இடமோ வலமோ, "உன் தாள் எங்கே?" என்றுதான் கேட்கிறார்.

ஆகவே 2000-க்கு முந்திய ரேஷன் கார்டு, கரண்டு பில், வாக்காளர் பட்டியல் பக்கம் எது இருந்தாலும் நகல் எடுத்து வையுங்கள். மேல்மாடியில் வாடகைக்கு இருப்போரும், பட்டறையில் தங்கும் பிள்ளைகளும் தாள் இல்லையே என்று ஒதுங்க வேண்டாம். ஞாயிறு காலை சங்கத்துக்கு வாருங்கள். பெயர், ஊர், வந்த ஆண்டு, செய்யும் தொழில் நான்கையும் எழுதி வைத்துக்கொள்கிறோம்.