வெளுத்த சட்டையெல்லாம் போர் கண்ட சட்டையல்ல

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பழைய தபால்தலை, பழைய நாணயம் சேர்ப்பவர்களை நாம் அறிவோம். பழைய ராணுவ உடைகளைத் தேடிச் சேர்ப்பவர்களும் உண்டு. அதிலும் இலை, மண், நிழல் இவற்றின் நிறங்களைத் திட்டுத் திட்டாகக் கலந்து அச்சிட்ட உருமறைப்பு உடைகளுக்குத் தனி மவுசு. வியட்நாம் போர்க்கால அமெரிக்க உடை என்றால் கேட்கவே வேண்டாம். விலை இருக்கும் இடத்தில் போலியும் இருக்கும். அசலை எப்படி அடையாளம் காண்பது என்பதே இன்றைய பேச்சு.

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பும் மனம் இந்த விஷயத்தில் ஆகவே ஆகாது. நான் இருக்கும் தொலைக்காட்சித் துறையில் புதுச் சட்டையை ஒரே நாளில் பழைய சட்டையாக்கிவிடலாம். தேயிலைச் சாயத்தில் ஊறவைத்து, உப்புத்தாளால் தேய்த்தால் போதும். நாடகத்துக்கு அது தேவை. அப்படிச் செய்ததை அசல் என்று விற்றால் அது மோசடி.

ஆகவே நிறத்தை விட்டுவிட்டு, முதலில் லேபிளைப் பாருங்கள். அமெரிக்க ராணுவ ஆய்வுக்கூடம் 1948-இல் உருவாக்கிய ‘இஆர்டிஎல்’ என்னும் நான்கு நிற வடிவம் 1967 முதல் வியட்நாமில் பயன்பட்டது. அந்தக் கால லேபிளில் ‘டிஎஸ்ஏ 100’ என்று தொடங்கும் ஒப்பந்த எண் இருக்கும். அடுத்து வரும் இரண்டு இலக்கம் ஒப்பந்த ஆண்டு. 68 என்றால் 1968. அந்த அரசு நிறுவனத்தின் பெயர் 1977-இல் மாறியபோது எழுத்துகளும் ‘டிஎல்ஏ’ ஆயின.

இன்னொரு தடயம், சரக்கு எண். 1974 வரை அதில் 11 இலக்கங்கள், பிறகு 13. ஒப்பந்தம் 68 என்று சொல்ல, சரக்கு எண்ணில் 13 இலக்கம் இருந்தால் ஏதோ கோளாறு. இரண்டுமே 1974-க்குப் பிந்தியவை என்றால், உடை அரசாங்கத்துக்காகத் தைத்ததாகவே இருக்கலாம். ஆனால் அமெரிக்கப் படைகள் வியட்நாமைவிட்டு வெளியேறியது 1973-இல். அந்தச் சட்டை அவர்களோடு போருக்குப் போயிருக்க முடியாது.

லேபிளையும் அச்சடிக்கலாமே என்பீர்கள். உண்மைதான். அதனால் துணியையும் விசாரியுங்கள். விற்பவரின் அனுமதியோடு, உள்தையலில் தொங்கும் ஓர் இழையைக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம்போல் எரிந்து சாம்பலாகும். செயற்கை இழை உருகி உருண்டையாகும். லேபிள் ‘பருத்தி’ என்று சொல்ல, இழை உருகினால் லேபிள் பொய் சொல்கிறது. அடுத்து, வெளுப்பு எங்கே விழுந்திருக்கிறது என்று பாருங்கள். உடுத்திய சட்டை கழுத்து மடிப்பிலும் முழங்கையிலும் அதிகம் தேயும். தையலின் உட்பக்கத்தில் பழைய நிறம் ஒளிந்திருக்கும். உள்ளும் புறமும் ஒரே மாதிரி வெளுத்திருந்தால் சந்தேகப்படுங்கள்.

லேபிளே இல்லாத உடைகளும் உண்டு. ‘புலிவரி’ எனப்படும் உடை அமெரிக்க ராணுவத்தின் பொதுச் சீருடையாக ஒருபோதும் இருந்ததில்லை. வியட்நாம் போன்ற ஆசிய நாடுகளின் தையற்கூடங்களில் உருவானவை அவை. சிலவற்றில் அளவு முத்திரை மட்டுமே இருக்கும். லேபிள் இல்லை என்பதற்காகப் போலி என்று ஒதுக்கவும் கூடாது. அதையே சாக்காக வைத்து விற்பவரை நம்பிவிடவும் கூடாது.

கடைசியாக, முக்கியமான ஒன்று. சட்டையின் மார்பில் வீரரின் பெயர்ப் பட்டை இருந்தால் விலை ஏறும். வாஷிங்டனில் 1982-இல் திறக்கப்பட்ட நினைவுச் சுவரில் 58,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. யாரும் படிக்கலாம். மனச்சாட்சி இல்லாதவர் அதில் ஒன்றை எடுத்து ஒரு சட்டையில் தைத்தும் விடலாம். பட்டையின் ஓரத்தை மெல்லத் தூக்கிப் பாருங்கள். நெடுநாள் இருந்த பட்டைக்கு அடியில் துணி வெளுக்காமல் இருக்கும். சுற்றிலும் உள்ளதுபோலவே அடியிலும் வெளுத்திருந்தால், பட்டை பிற்பாடு ஏறியது.

பணம் போனால் சம்பாதிக்கலாம், நேயர்களே. ஆனால் அந்தப் பெயருக்கு ஒரு தாய் இருந்திருப்பாள். அவள் மகன் உடுத்தாத சட்டையை அவன் சட்டை என்று ஊருக்குக் காட்டுவது, இறந்தவனை இரண்டாம் முறை விற்பதாகும். விற்பவர் சொல்லும் கதைக்குக் காசு கொடுக்காதீர்கள். லேபிள், இழை, வெளுப்பு, பட்டை நான்கும் ஒரே ஆண்டைச் சொன்னால் மட்டும் பணப்பையைத் திறங்கள்.