ஓர் ஊரின் கல்லும் கணக்கும்



ஓர் ஊரை அறிய வேண்டுமாயின் அதன் நிலம், வரலாறு, மக்கள் தொகை ஆகிய மூன்றையும் ஒருங்கே அறிதல் வேண்டும் என்று வகுப்பறையில் கற்பித்து வருகிறோம். நம் வட்டாரத்து உத்திரமேரூரை அம்முறையில் இன்று நோக்குவோம்.

காஞ்சிபுரத்துக்குத் தெற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் அமைந்தது இவ்வூர். செய்யாறு இவ்வட்டாரத்தில் ஓடித் திருமுக்கூடலில் பாலாற்றுடன் கலக்கிறது. ஆண்டு முழுவதும் ஆற்றில் நீர் ஓடாமையால், பருவமழையைத் தேக்கும் ஏரியே ஊருக்கு உயிராயிற்று. கல்வெட்டுகள் வயிரமேகத் தடாகம் எனக் குறிக்கும் பேரேரி பல்லவர் காலத்தது.

எட்டாம் நூற்றாண்டில், இரண்டாம் நந்திவர்மன் காலத்தில், அந்தணர்க்குரிய பிரமதேயமாக உத்தரமேரு சதுர்வேதிமங்கலம் தோன்றியது. முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில், இவ்வூர்ச் சபையின் தேர்தல் விதிகள் கல்லில் பொறிக்கப்பட்டன. ஊரின் 30 குடும்புகளிலும் தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். தேர்ந்த முப்பதின்மருள் 12 பேர் ஆண்டு வாரியத்திலும், 12 பேர் தோட்ட வாரியத்திலும், 6 பேர் ஏரி வாரியத்திலும் அமர்ந்தனர். பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் மீண்டும் தேர்வு பெற இயலாது.

இவ்விதிகள் போற்றத்தக்கனவே. ஆயினும் தகுதி யாருக்கு என்பதையும் நாம் படித்தல் வேண்டும். கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, 35க்கு மேல் 70க்குள் வயது, வேதக் கல்வி ஆகியவை வேண்டும். வேதமும் பாடியமும் மிகக் கற்றவர்க்கு அரைக்கால் வேலி நிலமே போதும். ஏரிக்கு மண் சுமந்தோர்க்கும், வயலில் உழைத்தோர்க்கும், பெண்டிர்க்கும் அக்குடத்தில் ஓலை இல்லை.

மற்றொன்றும் அக்கல்வெட்டில் உண்டு. ஊர் 12 சேரிகளாகப் பிரிந்திருந்தது என்கிறது அது. ஈண்டுச் சேரி என்பது அந்தணர் வாழ்ந்த ஊர்ப்பகுதியே. எனவே, சேரி என்னும் சொல்லில் இழிவு ஏதும் இல்லை. பின் வந்தோரே அச்சொல்லின் மீது இழிவை ஏற்றினர். இளைஞர்கள் இதனை நெஞ்சில் நிறுத்துதல் வேண்டும்.

நிலமே தகுதியாயிருந்த நாட்டில் நிலமற்றோர் நிலை என்ன? 1891இல் செங்கற்பட்டு ஆட்சியர் திரமென்கீர், இம்மாவட்டத்துத் தாழ்த்தப்பட்டோர் நிலத்தில் உரிமையின்றி வாடுவதை அறிக்கையாக எழுதினார். அதன் விளைவாக 1892இல் தரிசு நிலங்களை அவர்களுக்கு ஒதுக்க ஆணை பிறந்தது. அவையே பஞ்சமி நிலங்கள். அவற்றுள் மிகுதியானவை பிறர் கைக்குச் சென்றதை அனைவரும் அறிவோம்.

இனி மக்கள் தொகைக்கு வருவோம். 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி உத்திரமேரூர்ப் பேரூராட்சியில் ஏறத்தாழ 25,000 பேர் வாழ்ந்தனர். இது வெறும் எண்ணன்று. 1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆம் அரசியலமைப்புத் திருத்தம், பேரூராட்சிகளிலும் நகராட்சிகளிலும் தாழ்த்தப்பட்டோர்க்குரிய இடங்களை அவர்தம் மக்கள் தொகை விகிதப்படியே ஒதுக்கச் சொல்கிறது. கணக்கில் விடுபட்ட ஒவ்வொரு குடும்பமும் மன்றத்தில் நம் பங்கைக் குறைக்கும். 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு அவ்வாண்டில் நடைபெறவில்லை. கணக்கெடுப்போர் வரும்போது வீட்டில் உள்ளோர் அனைவரையும், வேலைக்கு வெளியூர் சென்றிருப்போர் விவரத்தையும் பிழையின்றிக் கூறுவது நம் கடமை.

அன்று 35 வயதும் நிலமும் வேண்டும். இன்று 21 வயது நிரம்பி, வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் மன்றத்திற்குப் போட்டியிடலாம். நிலம் கேட்பார் இல்லை. எனவே இளைஞர்களே, மூன்று செயல்களை மேற்கொள்ளுங்கள். வாக்காளர் பட்டியலில் உங்கள் தெருவினர் பெயர்களைச் சரிபாருங்கள். உங்கள் ஊர் நிலப் பதிவேடுகளில் பஞ்சமி நிலம் எது எனத் தேடிக் குறித்துக்கொள்ளுங்கள். மன்றத்தில் அமர்வோரிடம், அவர் நம்மவராயினும், கணக்குக் கேளுங்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கல்லில் எழுதிய விதிகளுள் நாம் தயக்கமின்றி ஏற்கத்தக்கது இக்கணக்கு விதியே.

வாழ்க நம் கல்விச் சங்கம்! வளர்க அதன் பணி!