ஷவருக்கு முன் தொட்டியைப் பாருங்கள்

குளியலறையைப் புதுப்பிக்கிறவர்கள் பளபளப்பைப் பார்த்து ஷவர் வாங்கிவிடுகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைத்தான். தண்ணீர் 10 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் கிடைக்கும். தொட்டி ஷவருக்கு 3 மீட்டர்தான் மேலே என்றால் 0.3 பார்தான், குழாய் வளைவுகளில் அதிலும் கொஞ்சம் போய்விடும். சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு இருக்கிற மழை ஷவர் இந்த அழுத்தத்தில் வெறுமனே ஒழுகும். உள்ளங்கை அளவு சின்ன ஷவரே மேல். பிரஷர் பம்ப் வைத்தால் போயிற்று என்பார்கள். வைக்கலாம், ஆனால் கரண்ட் போனால் பம்ப் நிற்கும், துருப்பிடித்த பழைய இரும்புக் குழாயாக இருந்தால் இணைப்புகளில் கசிவும் வரும்.

செலவைக் கூட்ட வேண்டிய இடம், தண்ணீரை ஷவருக்கோ குழாய்க்கோ திருப்பிவிடும், சுவருக்குள் புதையும் டைவர்ட்டர். வெளியே தெரிகிற கைப்பிடியை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்; உள்ளிருக்கும் பாகம் பழுதானால் டைல்ஸை உடைக்க வேண்டியிருக்கும். கனமான பித்தளையில், உதிரிபாகம் உங்கள் ஊரிலேயே கிடைக்கிற மாதிரி பார்த்து வாங்குங்கள். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே தண்ணீரை அழுத்தத்தோடு விட்டு, கசிவு இருக்கிறதா என்று பிளம்பரைச் சோதிக்கச் சொல்லுங்கள்.